2021 விதிக்குப் பின் வாங்கிய நீச்சல் குளப் பம்ப்: சில ஆண்டுகளின் பயன்பாட்டு அனுபவம்

அமெரிக்க எரிசக்தித் துறை 2017 ஜனவரியில் வெளியிட்ட நீச்சல் குளப் பம்ப் விதி, 2021 ஜூலை 19 அல்லது அதற்குப் பிறகு தயாரிக்கப்பட்ட பம்புகளுக்குப் பொருந்தும். விற்பனை நாளை அல்லாமல் தயாரிப்பு நாளையே அது கணக்கில் கொள்வதால், அந்தத் தேதிக்குப் பிறகும் கடைகளில் இருப்பில் இருந்த பழைய ஒற்றை வேகப் பம்புகள் சட்டப்படியே விற்பனையாயின. டெக்சாஸில் உள்ள எங்கள் வீட்டுக் குளத்தின் பழைய பம்ப் அந்த ஆண்டின் இறுதியில் ஓய்ந்தபோது, அத்தகைய இருப்பிலிருந்து ஒன்றை மலிவாக வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனையும் வந்தது. அதைத் தள்ளிவிட்டு, புதிய விதிக்கு உட்பட்ட, வேகத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய பம்பை வாங்கினேன். சில கோடைகளும் சில கடுங்குளிர் நாட்களும் கடந்துவிட்ட நிலையில், அந்த விதி என் வீட்டில் உண்மையில் என்ன செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்பதை எழுதி வைப்பது, இதே முடிவை எடுக்கவிருக்கும் பிறருக்கு உதவக்கூடும்.

முதலில் விதியின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பம்பின் மேல் ஒட்டியிருக்கும் எண்கள் அதைப் புரிந்துகொள்ளாமல் பயன் தரா. ஒரு கிலோவாட் மணி மின்சாரத்துக்கு, அதாவது நம் ஊர் வழக்கில் ஒரு யூனிட்டுக்கு, பம்ப் எத்தனை ஆயிரம் காலன் தண்ணீரை நகர்த்துகிறது என்பதே இங்கு அளவுகோல். அதை எடையிட்ட ஆற்றல் காரணி என்கிறார்கள். வேகம் மாற்றும் பம்புகளுக்கு இந்த அளவைக் கணக்கிடும்போது குறைந்த ஓட்ட நிலைக்கு 80 சதவீத எடையும், கூடிய ஓட்ட நிலைக்கு 20 சதவீத எடையும் தரப்படுகின்றன. குளத்துத் தண்ணீரைச் சுற்றவிடும் வேலை பெரும்பாலான நேரம் மெதுவாக நடந்தால் போதும், வேகம் எப்போதாவதுதான் தேவைப்படும் என்ற உண்மையை இந்த எடை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

விதியில் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றிய இடம் 0.711 என்ற எல்லை எண். இது பம்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் குதிரைத்திறன் அன்று. தண்ணீருக்குப் போய்ச் சேரும் திறனைக் குறிக்கும் நீரியல் குதிரைத்திறன். மோட்டாரின் மொத்தத் திறனாகச் சொன்னால் அது ஏறத்தாழ 1.15 குதிரைத்திறனுக்கு இணை. அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே உள்ள, தானே தண்ணீரை உறிஞ்சித் தொடங்கும் வகை வடிகட்டிப் பம்ப் 3.3 அளவிலான காரணியைத் தொட்டாலே தேறிவிடும். எல்லையைத் தொட்டுவிட்டால் தேவை ஒரே தாவலில் 7.4 அருகே போய்விடுகிறது. ஒற்றை வேக மோட்டாரால் அந்த உயரத்தை எட்டவே முடியாது என்பதால், விதியில் "வேகம் மாற்றும் மோட்டார் கட்டாயம்" என்ற சொற்கள் இல்லாமலே அது கட்டாயமாகிவிட்டது. கலிஃபோர்னியா மாநிலம் ஒரு குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள வடிகட்டிப் பம்புகளுக்கு இரண்டு வேகமாவது வேண்டும் என்று 2008ஆம் ஆண்டிலேயே கேட்டது. நாடு முழுமைக்குமான விதி அதைவிட ஒரு படி மேலே போனது. உற்பத்தியாளர்களும் மின் நிறுவனங்களும் எரிசக்திச் சேமிப்புக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகளும் கூடிப் பேசி இணங்கிய விதி இது என்பதால், வழக்கமாக இத்தகைய விதிகளைச் சுற்றி எழும் கூச்சல் இதில் குறைவாகவே இருந்தது.

இனி வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். எங்கள் பழைய பம்ப் ஏறத்தாழ 1,600 வாட் இழுத்து, நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடியது, நாளொன்றுக்கு 12.8 யூனிட். புதிய பம்பைப் பொருத்த வந்தவர் நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் எட்டு மணி நேரம் என்று ஒரே வரியில் அட்டவணையை அமைத்துவிட்டு, "இனி நீங்கள் எதையும் தொட வேண்டாம்" என்று சொல்லிப் போனார். அந்த வேகத்தில் பம்ப் ஏறக்குறைய 1,050 வாட் எடுக்கிறது, நாளுக்கு 8.4 யூனிட். முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்பதால் பலர் அத்துடன் மகிழ்ந்து விட்டுவிடுவார்கள். நான் கையேட்டைப் படித்து, காலையில் ஒரு மணி நேரம் அதே 3,000 சுற்றிலும், மீதி பதினான்கு மணி நேரம் 1,700 சுற்றிலும் ஓடுமாறு மாற்றினேன். 1,700 சுற்றில் பம்ப் எடுப்பது 220 வாட் அளவில்தான். ஆகவே நாள் முழுவதற்கும் 4.1 யூனிட்டில் வேலை முடிகிறது. நாளில் சுற்றிவரும் தண்ணீரின் அளவோ ஏறத்தாழ பழையபடியே, 28,000 காலன் சுமாரில் நிற்கிறது.

இதற்குக் காரணம் எளிய இயற்பியல். பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் பாதியாகும், ஆனால் தேவைப்படும் மின்திறன் எட்டில் ஒரு பங்காகும். இரு மடங்கு நேரம் ஓட்டினாலும் செலவாகும் மின்சாரம் நான்கில் ஒரு பங்குதான். குளத்திலிருந்து எடுத்த தண்ணீர் அதே குளத்துக்கே திரும்பி வருவதால், கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும்போது இருக்கும் உயரச் சுமை இங்கே கிட்டத்தட்ட இல்லை. குழாய்களின் உராய்வு ஒன்றே எதிர்ப்பு. அதனால்தான் இந்தக் கணக்கு குளங்களில் ஏட்டில் உள்ளபடியே நன்றாக எடுபடுகிறது. முழுமையாக எடுபடுகிறதா என்றால் இல்லை. 1,700 சுற்றில் ஏட்டுக் கணக்கு 190 வாட்டை ஒட்டிச் சொல்ல, வீட்டு மின்பெட்டியில் பொருத்தியிருக்கும் அளவி 220 காட்டுகிறது. 1,200 சுற்றுக்கு இறக்கினால் கணக்கு 70 வாட்டுக்கும் குறைவு என்கிறது. அளவியோ 100ஐ ஒட்டி நிற்கிறது. வேகக் கட்டுப்பாட்டு மின்னணுப் பகுதி தனக்கென எடுத்துக்கொள்வதும், மெதுவான ஓட்டத்தில் மோட்டாரின் திறன் சற்றுத் தளர்வதும் அந்த வேறுபாடு. ஆகவே மிகக் குறைந்த வேகத்தில் கிடைக்கும் மிச்சம் ஏட்டுக் கணக்கு சொல்லும் அளவுக்கு இருப்பதில்லை.

ஆண்டுக்கு மிச்சம் ஏறத்தாழ 3,200 யூனிட். ஒரு யூனிட்டுக்கு 15 சென்ட் என்று வைத்துக்கொண்டால் 475 டாலர் அளவில் வரும். பழைய வகைப் பம்பைவிட இது பல நூறு டாலர் கூடுதல் விலை என்றாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த வேறுபாடு எங்களுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் அட்டவணையை மாற்றாமல் விட்டிருந்தால் மிச்சம் பாதியாகியிருக்கும். அரசு விதி பம்பின் ஆற்றலைச் சோதித்து அனுப்புகிறது. அதை எந்த வேகத்தில் எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்பதை அது கட்டுப்படுத்தவில்லை, கட்டுப்படுத்தவும் முடியாது. விதிக்கு இணங்கிய பம்பை வாங்கி, விதி வருவதற்கு முந்தைய பழக்கத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன்.

மெதுவான ஓட்டம் வேறு சில பழக்கங்களையும் மாற்றச் சொல்கிறது. வடிகட்டியின் மேல் உள்ள அழுத்தமானி இதில் முதலாவது. ஓட்டம் பாதியானால் அழுத்த இழப்பு நான்கில் ஒன்றாகிவிடுவதால், முழு வேகத்தில் 20 காட்டிய முள் குறைந்த வேகத்தில் 5ஐ ஒட்டிப் படுத்துவிடும். சுத்தமான நிலையைவிட எட்டோ பத்தோ ஏறினால் வடிகட்டியைக் கழுவு என்ற பழைய விதிமுறையை நம்பிக் காத்திருந்தால், அந்த நாள் வரவே வராது. காலையில் ஓடும் அந்த ஒரு மணி நேர வேகத்தில் மட்டும் முள்ளைப் பார்ப்பதும், அதே வேகத்தில் சுத்தமாக இருந்தபோது காட்டிய அளவோடு ஒப்பிடுவதும் சரியான வழி. அடுத்தது, உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி. அதன் ஓட்ட உணரி போதிய தண்ணீர் வரவில்லை என்று கண்டால் உற்பத்தியை நிறுத்திவிடும். எங்கள் கருவி 1,500 சுற்றுக்குக் கீழே உறங்கிவிடுகிறது. 1,700 என்ற எண் அப்படித்தான் நிலைபெற்றது. மேற்பரப்பில் மிதக்கும் இலைகளை ஸ்கிம்மர் இழுக்கும் வலிமையும் குறையும். ஓக் மரங்கள் இலை உதிர்க்கும் வசந்த வாரங்களில் வேக நேரத்தை இன்னொரு மணி கூட்டிவிடுகிறேன்; மற்ற மாதங்களில் தேவைப்படுவதில்லை. சத்தத்தைப் பற்றி ஒரே வரி போதும்: 1,700 சுற்றில் பம்ப் ஓடுகிறதா என்று அருகில் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

உறைபனிப் பாதுகாப்பு, அதாவது குழாய்களில் தண்ணீர் உறையாதபடி குளிரில் பம்பைத் தானாக ஓடவைக்கும் ஏற்பாடு, பற்றி விதியில் இருக்கும் பகுதியை டெக்சாஸ்வாசிகள் கவனமாகப் படிக்க வேண்டும். பாதுகாப்பு இயக்கப்பட்ட நிலையில் வரும் பம்புகளில் தொடக்க அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மூன்று வரம்புகள் உள்ளன. காற்றின் வெப்பநிலை பாரன்ஹீட் 40 டிகிரி அல்லது அதற்குக் கீழே இறங்கினால்தான் அது விழிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாமல் வெப்பநிலையை மறுபடி பார்க்க வேண்டும். வேகம் உச்ச வேகத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்பு சில பம்புகள் தேவைக்கு மேல் சூடான நாட்களிலும் முழு வேகத்தில் ஓடி மின்சாரத்தை விழுங்கின என்பதால் இந்த வரம்புகள் நியாயமானவை. இவை தொடக்க அமைப்புகள் மட்டுமே, உரிமையாளர் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் குளத்தில் அருவிபோல் விழும் ஒரு நீர்க்கிளை இருக்கிறது. பாதி வேகத்தில் அந்தக் கிளைக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. தேங்கி நிற்கும் தண்ணீர்தான் முதலில் உறையும். 2022 டிசம்பர் குளிர் அலைக்கு முன்பாகவே உறைபனி வேகத்தை 2,400 சுற்றுக்கு உயர்த்தி, அந்தக் கிளையின் வால்வையும் ஓரளவு திறந்து வைத்தேன், குழாய்கள் தப்பின. எந்த அமைப்பும் மின்சாரம் இருக்கும்வரைதான் காக்கும் என்பதை 2021 பிப்ரவரியின் நீண்ட மின்தடை இந்த மாநிலத்துக்கே காட்டியது. அப்படிப்பட்ட நேரத்தில் பம்ப், வடிகட்டி, ஹீட்டர் ஆகியவற்றின் வடிகால் மூடிகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றுவது தவிர வேறு வழியில்லை.

பழுதுகள் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டாரின் மேல் அமர்ந்திருக்கும் கட்டுப்பாட்டுப் பலகைதான் இந்தப் பம்புகளின் பலவீனமான உறுப்பு. வெயிலிலும் மழையிலும் திறந்த வெளியில் நிற்கும் ஒரு கணினி அது. உத்தரவாதம் முடிந்த பின் வந்த ஓர் இடிமழையில் எங்கள் பலகை போய்விட்டது. மாற்றுப் பலகையின் விலை ஒரு பழைய வகை மோட்டாரின் விலையைவிட அதிகம். அன்று முதல் பம்புக்கான மின்தொடரில் மின் எழுச்சித் தடுப்பானைப் பொருத்தியிருக்கிறேன். பம்புக்கு மேல் சிறு நிழற்கூரையும் உண்டு. பழுது பார்க்க வந்தவர் பலகையை விட்டுவிட்டு ஒற்றை வேக மோட்டாரை மாட்டித் தருகிறேன், பாதிச் செலவில் முடியும் என்றார். 2021 விதி முழுப் பம்பை மட்டுமே கட்டுப்படுத்தியதால் அப்படி ஒரு சந்து திறந்திருந்தது. கலிஃபோர்னியா தன் எல்லைக்குள் அதே 2021 ஜூலையில் அதை அடைத்தது. நாடு தழுவிய அளவில் அடைப்பதற்கான மோட்டார் விதியை எரிசக்தித் துறை 2023 செப்டம்பரில் வெளியிட்டது. அதன்படி 1.15 முதல் 5 குதிரைத்திறன் வரையிலான குளப் பம்ப் மோட்டார்களுக்கு 2025 செப்டம்பரும், அரை குதிரைத்திறன் முதல் 1.15 வரையிலான சிறியவற்றுக்கு 2027 செப்டம்பரும் வேகம் மாற்றும் வசதிக்கான கெடுவாகக் குறிக்கப்பட்டன. இந்த இரண்டாவது விதி இல்லாமல் முதல் விதி பாதி வேலைதான் என்பது என் கருத்து.

பம்பில் இவ்வளவு மிச்சம் பிடித்த பிறகு கண் இயல்பாகவே ஹீட்டர் பக்கம் திரும்புகிறது. எரிவாயுக் குள ஹீட்டர்களுக்கு 2013 ஏப்ரல் முதல் குறைந்தது 82 சதவீத வெப்பத் திறன் கட்டாயம். எங்களுடையது அந்த அளவைச் சேர்ந்தது. 2023 மே மாதம் வெளியான விதி, 2028 மே 30ஐக் கெடுவாக வைத்து, எப்போதும் எரியும் வழிகாட்டிச் சுடர் கொண்ட ஹீட்டர்களுக்கு இடமில்லாமல் செய்கிறது. மின்சார ஹீட்டர்களையும் முதன்முறையாக வரம்புக்குள் கொண்டுவந்து, அவற்றை நடைமுறையில் ஹீட் பம்பாக, அதாவது காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்கு மாற்றும் கருவியாக, ஆக்குகிறது. செலவாகும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று முதல் ஏழு மடங்கு வெப்பம் தரும் ஹீட் பம்பின் கணக்கு கவர்ச்சியானது. ஆனால் அது நிதானமாகச் சூடாக்கும் கருவி. மாதக்கணக்கில் குளத்தை ஒரே வெப்பத்தில் வைத்திருப்பவர்களுக்கே அது பொருந்தும். வெளிக்குளங்கள் இழக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் ஆவியாதலால் போகிறது என்று எரிசக்தித் துறையே சொல்லும்போது, இந்தத் தரவிதிகள் தொடாத சாதாரண மூடுபாய் சூடாக்கும் செலவில் பாதிக்கு மேல் குறைப்பதில் வியப்பில்லை. அதை வாங்கிய பிறகு எங்கள் எரிவாயுச் செலவில் கண்ட இறக்கம், புதிய ஹீட்டர் எதையும் வாங்கும் அவசரத்தை எடுத்துவிட்டது. நாங்கள் சூடாக்குவது வார இறுதி மாலைகளில் ஸ்பாவை மட்டுமே. அதற்கு அரை மணி நேரத்தில் வேலையை முடிக்கும் எரிவாயு ஹீட்டரே தகும். இப்போதிருப்பது பழுதாகும்வரை ஓடட்டும். மாற்றும் நாளில் மின்பொறியால் பற்றவைக்கும் எரிவாயு மாடலையே வாங்குவோம்.