மான் சீசன்ல முயல்காரன் எங்க போவான்? பென்சில்வேனியா, மிச்சிகன், மின்னசோட்டா: ஒரு ஒப்பீடு

நவம்பர் கடைசி வந்துட்டா அமெரிக்காவோட வடக்கு ஸ்டேட்ஸ்ல காடு ஒண்ணு, அதுக்கு அடிச்சுக்கிறவங்க ரெண்டு கூட்டம். ஒரு பக்கம் ரைஃபிள் எடுத்துட்டு மான் அடிக்கப் போறவங்க, இன்னொரு பக்கம் பீகிள் நாயை அவுத்து விட்டுட்டு முயல் பின்னாடி அலையறவங்க, அணில் அடிக்கிறவங்க, க்ரௌஸ், ஃபெசன்ட் மாதிரி பறவைகளைத் தேடிப் போறவங்க. இந்த ரெண்டாவது கூட்டத்தை மொத்தமா ஸ்மால் கேம்னு சொல்றாங்க. மான்காரர் விடியறதுக்கு முன்னாடியே மரத்துல கட்டின ஸ்டாண்ட்ல ஏறி உக்காந்து, இருமல் வந்தா கூட அடக்கிட்டு மணிக்கணக்கா காத்திருப்பாரு. முயல்காரருக்கோ நாய் குரைச்சாத்தான் வேட்டையே, அவரே புதரை மிதிச்சு சத்தம் போட்டுட்டுத்தான் நடப்பாரு. இலையெல்லாம் உதிர்ந்து, முதல் பனி லேசா விழுந்து, கால்தடம் தெளிவா தெரியற அந்த ரெண்டு மூணு வாரம் ரெண்டு பேருக்குமே வேணும்.

இதை எப்படி பங்கு போடறதுன்னு ஒவ்வொரு ஸ்டேட்டும் ஒவ்வொரு வழி வெச்சிருக்கு. நான் மிச்சிகன்ல இருக்கேன், முயல் கட்சி, அதனால கொஞ்சம் ஒருதலையாத்தான் இருக்கும், முன்னாடியே சொல்லிடறேன்.

பென்சில்வேனியா வழிதான் இருக்கறதுலயே சிம்பிள், இருக்கறதுலயே கறார். ரைஃபிள் மான் சீசன் ஓடற ரெண்டு வாரமும் முயல், அணில், ஃபெசன்ட், க்ரௌஸ் எல்லாமே க்ளோஸ். 2025 காலண்டரைப் பாருங்க, முயலும் ஃபெசன்டும் நவம்பர் 28 வெள்ளிக்கிழமையோட நிறுத்தம், மறுநாள் 29 சனிக்கிழமை மான் ஆரம்பிச்சு டிசம்பர் 13 வரைக்கும், அப்புறம் டிசம்பர் 15 திங்கள்கிழமை திரும்ப முயல். யாருக்கும் குழப்பம் இல்ல, காட்டுல துப்பாக்கி சத்தம் கேட்டா அது மான் வேட்டைதான்னு தெரியும், வேட்டைச் சட்டத்தைக் கண்காணிக்கற அதிகாரியான வார்டனுக்கும் வேலை சுலபம்.

ஆனா இதுல 2019ல ஒரு சின்ன நகர்த்தல் நடந்துச்சு, முயல் பக்கத்துல இருந்து பாத்து அதை யாரும் அதிகம் பேசல. 1963ல இருந்து அங்க மான் சீசன் தேங்க்ஸ்கிவிங் (நவம்பர் நாலாவது வியாழக்கிழமை வர்ற பண்டிகை) முடிஞ்ச திங்கள்கிழமைதான் ஆரம்பிக்கும், நிறைய ஸ்கூலுக்கு அன்னிக்கு லீவே விடுவாங்க. 2019ல வேட்டை விதிகளைப் போடற ஸ்டேட் அமைப்பான கேம் கமிஷன் அதை தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச சனிக்கிழமைக்கு மாத்திடுச்சு. வேலைக்குப் போறவங்களும் காலேஜ் பசங்களும் லீவ் போடாம வரட்டும்னு காரணம் சொன்னாங்க, நியாயமான காரணம்தான். ஆனா அந்த சனிக்கிழமை அதுவரைக்கும் யாரோடது? 2018ல முயல் சீசனோட முதல் பகுதி முடிஞ்ச நாளே நவம்பர் 24, அதாவது அதே தேங்க்ஸ்கிவிங் சனிக்கிழமை. பேரன் பேத்தி ஊருக்கு வந்திருப்பாங்க, தாத்தா நாயைக் கூட்டிட்டு பசங்களோட ஒரு நடை போய்ட்டு வருவாரு, அந்த நாள். மான்காரருக்கு ஒரு வீக்கெண்ட் கொடுக்கறதுக்காக முயல்காரரோட சனிக்கிழமையை எடுத்தாங்க, இதுல பெரிய போராட்டம் திங்கள்கிழமை பழக்கத்தை விட்டுக் கொடுக்க முடியாத மான்காரங்க கிட்ட இருந்துதான் வந்துச்சு, முயல்காரங்க சத்தம் யாருக்கும் கேக்கல.

பதிலுக்கு ஏதாவது கிடைச்சுதான்னு கேட்டா, லேட்டா கிடைச்சுது. ஞாயித்துக்கிழமை வேட்டைக்கு அங்க ரொம்ப காலமா தடை, 2019ல வந்த சட்டம் மூணே மூணு ஞாயிறை மட்டும் திறந்து விட்டுச்சு. 2025 ஜூலைல கவர்னர் ஷப்பிரோ கையெழுத்து போட்ட சட்டம் அந்தத் தடையையே தூக்கிட்டு முடிவை கேம் கமிஷன் கையில கொடுத்துடுச்சு, கமிஷனும் அந்த சீசனுக்கே செப்டம்பர் 14ல இருந்து டிசம்பர் 7 வரைக்கும் 13 ஞாயிறு திறந்துச்சு. அக்டோபர் நவம்பர்ல முயல், அணில் பக்கம் போறவங்களுக்கு இது உண்மையான லாபம், அந்த ஒரு சனிக்கிழமை போனதுக்கு இது நஷ்டஈடு மாதிரின்னு நான் எடுத்துக்கறேன்.

க்ளோஸ் பண்றதுக்கு உயிரியல் காரணம் இருக்கான்னு பாத்தா, முயலுக்கு சுத்தமா இல்ல. முயல் ஒரு வருஷத்துல பல ஈடு குட்டி போடும், அதுல பெரும்பங்கு வேட்டைக்காரன் போனாலும் போகாட்டாலும் நரி, ஆந்தை, குளிர்னு அடுத்த வசந்தத்துக்குள்ள போயிடும். ஃபெசன்ட் கதை இன்னும் வேடிக்கை, பென்சில்வேனியால அடிக்கிற ஃபெசன்ட்ல பெரும்பாலானது கேம் கமிஷனே பண்ணைல வளர்த்து வருஷத்துக்கு 2 லட்சத்துக்கு மேல விடற பறவைதான், 2017ல இருந்து அதுக்குத் தனி பர்மிட் வேற வாங்கணும். மான் சீசன் முடிஞ்ச கையோட டிசம்பர்ல இன்னொரு லோடு பறவை விடறாங்க. ஆக ரெண்டு வாரம் மூடறது பறவையைக் காப்பாத்த இல்ல, ரெண்டு வகை வேட்டைக்காரங்களைப் பிரிச்சு வைக்க. அதை நேரா சொல்லிட்டா பரவாயில்ல.

க்ரௌஸ் மட்டும் வேற கேஸ். அது பென்சில்வேனியாவோட ஸ்டேட் பறவை, கொசு பரப்பற வெஸ்ட் நைல் வைரஸ்ல எண்ணிக்கை அடி வாங்கினதால 2017ல கிறிஸ்துமஸுக்கு அப்புறம் இருந்த சீசனையே எடுத்துட்டாங்க. குளிர்காலத்தைத் தாண்டி நிக்கிற பறவைதான் அடுத்த வருஷம் முட்டை வைக்கும், அதை ஜனவரில அடிச்சா கணக்குல உதைக்கும். இந்த மாதிரி மூடறதை நான் எதிர்க்கவே மாட்டேன், இதுக்கும் மான் சீசனுக்கும் சம்பந்தம் இல்ல.

இப்ப எங்க மிச்சிகன். இங்க ரைஃபிள் மான் சீசன் நவம்பர் 15ல இருந்து 30 வரைக்கும், கிழமை எதுவா இருந்தாலும் தேதி மாறாது, பாதி ஆஃபீஸ் அன்னிக்கு காலியா இருக்கும். முயலும் அணிலும் செப்டம்பர் 15ல இருந்து மார்ச் 31 வரைக்கும் நடுவுல நிக்காம ஓடும், மான் சீசன்லயும் ஓப்பன். ஆனா க்ரௌஸ் நவம்பர் 14ல நின்னு டிசம்பர் 1ல திரும்ப ஆரம்பிக்கும். அதாவது பாதி திறந்து பாதி மூடின கதவு.

இதுல லாஜிக் என்னன்னு யோசிச்சுப் பாத்தேன். முயலை அடிக்கும்போது துப்பாக்கி தரையைப் பாத்து சாஞ்சிருக்கும். க்ரௌஸ் காலடியில இருந்து படார்னு கிளம்பி மனுஷன் தலை உயரத்துல மரத்துக்கு நடுவுல வளைஞ்சு பறக்கும், அதோட சேர்ந்து துப்பாக்கியும் வட்டமா சுத்தும், அந்த வட்டத்துல யாராவது உக்காந்திருந்தா வம்பு. சரி, இது ஒரு காரணம்னு வெச்சுப்போம். அப்ப அணில்? அணில் மரத்து மேல இருக்கு, அதை .22 ரைஃபிளால மேல பாத்து சுடறாங்க, தோட்டா டப்பாலயே இது ஒரு மைலுக்கு மேல போகும்னு எச்சரிக்கை போட்டிருக்கும். க்ரௌஸுக்குப் போடற சின்ன ரவை (ஒரே தோட்டால இருந்து சிதறற சின்னச் சின்ன குண்டு) 40 கஜம் தாண்டினா பறவையைக்கூட உருப்படியா விழ வைக்காது, சில நூறு கஜத்துல மண்ணுல விழுந்துடும். ஆபத்துன்னு பாத்தா மூட வேண்டியது அணிலை, திறக்க வேண்டியது க்ரௌஸை. எங்க ஊர் ரூல் நேர் தலைகீழ்.

நடைமுறைல என்ன ஆகுதுன்னா, சட்டம் திறந்து வெச்சிருந்தாலும் எனக்குத் தெரிஞ்ச பீகிள்காரங்க முக்கால்வாசி பேர் நவம்பர் 15 வாரம் காட்டுப் பக்கமே போக மாட்டாங்க. என்னோட ஆஃபீஸ் நண்பர் ஒருத்தர் நாய்க்கு ஆரஞ்சு வெஸ்ட், கழுத்துல மணி, ஆரஞ்சு பட்டை எல்லாம் மாட்டி வெச்சிருப்பாரு, ஆனா முதல் நாலஞ்சு நாள் வீட்டுலதான் கட்டிப் போட்டிருப்பாரு. கேட்டா, "நாய்க்கு மான் வாசனை ஏறிடுச்சுன்னா அப்புறம் முயலை மறந்துடும்ப்பா, அதை விட எவனோ வருஷம் முழுக்க காத்திருந்து உக்காந்திருப்பான், அவன் பொழப்புல மண்ணு போடக் கூடாது"ன்னாரு. ரூல் போடாமலே நடக்கற இந்த விட்டுக்கொடுத்தல் மிச்சிகனோட பலம், ஆனா இதை நம்பி எல்லா ஸ்டேட்லயும் பாலிசி எழுத முடியாது.

எனக்குப் பிடிச்சது மின்னசோட்டா வழி. அவங்க எந்த மிருகத்துக்குப் போறேன்னு கேக்கல, கையில என்ன தோட்டா வெச்சிருக்கேன்னு கேக்கறாங்க. மான் துப்பாக்கி சீசனுக்கு அஞ்சு நாள் முன்னாடில இருந்து முடிஞ்சு ரெண்டாவது நாள் வரைக்கும், மான் அடிக்கற ஏரியால யாரும் சும்மா துப்பாக்கியோட வெளிய சுத்த முடியாது. விலக்கு யாருக்குன்னா, மான் லைசென்ஸோட அந்த சீசன்ல போறவங்களுக்கு, உறையில போட்டு லோடு பண்ணாம எடுத்துட்டுப் போறவங்களுக்கு, அப்புறம் ஷாட்கன்ல சின்ன ரவை மட்டும் வெச்சிருக்கறவங்களுக்கு, .17, .22 ரிம்ஃபயர்னு சின்னத் தோட்டா போடற துப்பாக்கி வெச்சிருக்கறவங்களுக்கு. அதோட மான் சீசன் ஓடற இடத்துல எல்லாரும் தொப்பியும் மேல் சட்டையும் பளிச்சுனு ஆரஞ்சோ பிங்கோ போட்டே ஆகணும், மான்காரர், முயல்காரர், பொறி வெக்கறவர்னு பேதம் இல்ல.

இது ஏன் புத்திசாலித்தனம்னா, மூடறதுக்குப் பின்னாடி இருக்கற இன்னொரு பயத்தையும் இது தீத்து வெக்குது. மான் சீசன்ல ஸ்மால் கேமைத் திறந்து விட்டா, "நான் முயலுக்கு வந்தேன் சார்"னு சொல்லிட்டு பாக்கெட்ல ஸ்லக் (மான் அடிக்கற ஒத்தைக் குண்டுத் தோட்டா) வெச்சுட்டு திருட்டுத்தனமா மான் அடிக்கறவனை எப்படிப் பிடிக்கறதுன்னுதான் வார்டன்களோட பழைய தலைவலி. மின்னசோட்டால வார்டன் எண்ணத்தையெல்லாம் நிரூபிக்க வேண்டாம், பாக்கெட்டைப் பாத்தா போதும். ஸ்லக் இருந்தா தப்பு, ரவை இருந்தா போய்ட்டு வா. குறை இல்லாம இல்ல, .22 விலக்கு அங்கயும் இருக்கு, நான் ரூல் போட்டா அந்த ரெண்டு வாரத்துக்கு அதை எடுத்துட்டு ரவை மட்டும் விடுவேன். அதே மாதிரி மான்காரரோட அமைதிக்கு இந்த சட்டம் எந்த உத்தரவாதமும் கொடுக்கல, பக்கத்து புதர்ல பீகிள் ஊளையிட்டா அவர் பல்லைக் கடிச்சுக்க வேண்டியதுதான்.

மான் துப்பாக்கி நாளையே சுருக்கிடறது இன்னொரு வழி. இல்லினாய்ல தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்னாடி வெள்ளி சனி ஞாயிறு மூணு நாள், தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த வாரம் வியாழன்ல இருந்து நாலு நாள், வழக்கமான துப்பாக்கி சீசன் மொத்தமே ஏழு நாள். மீதி நாள் பெரும்பாலும் மத்தவங்களுக்கு. நல்லாத்தான் இருக்கு, ஆனா மான் ரொம்பப் பெருகின இடத்துல ஏழு நாள் பத்தாது. விஸ்கான்சின்ல அதுக்கு நேர் எதிர், ஒன்பது நாள் சீசனுக்கு மேல சில கவுண்டிகள்ல (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) டிசம்பர் 24ல இருந்து ஜனவரி 1 வரைக்கும் பெட்டை மானுக்குன்னு ஹாலிடே ஹண்ட் வேற. எண்ணிக்கையைக் குறைக்கணும்னா பெட்டையை அடிச்சாத்தான் குறையும், அது சரி, ஆனா கிறிஸ்துமஸ் லீவ் வாரத்தை எதிர்பாத்துட்டு இருந்த முயல்காரங்களும் பனில ஓட்டற ஸ்னோமொபைல் வண்டி க்ளப்காரங்களும் கடுப்பாகறாங்க. அங்க ஒரு நல்ல விஷயம், 2014ல இருந்து கவுண்டி அளவுல மான் ஆலோசனைக் குழு இருக்கு, ஹாலிடே ஹண்ட் வேணுமா வேணாமான்னு அங்கயே சண்டை போட்டுக்கலாம். தெற்க போனா நிலைமை இன்னும் மோசம், அலபாமால பல இடத்துல மான் சீசன் பிப்ரவரி 10 வரைக்கும் ஓடும், குத்தகைக்கு நிலம் எடுத்த மான் க்ளப்புங்க அதுக்கு முன்னாடி முயல் நாயை உள்ள விட மாட்டாங்க. அங்க சீசனை எழுதறது ஸ்டேட், ஆனா காட்டைத் திறக்கறது நிலத்துக்காரர்.

இதெல்லாம் ஏன் எப்பவும் மான் பக்கமே சாயுதுன்னா, தலை எண்ணிக்கை. ஃபெடரல் சர்வேல 1991ல அமெரிக்கா முழுக்க ஸ்மால் கேம் போறவங்க 76 லட்சம் பேர், 2016ல 35 லட்சம். பெரிய மிருக வேட்டை அந்த அளவு சரியல, 2016லயும் 92 லட்சம் இருந்தாங்க. பணமும் அப்படித்தான், 1937 பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா வரில இருந்து வர்ற பணத்தை ஸ்டேட்டுகளுக்குப் பிரிக்கும்போது பாதி நிலப்பரப்பு, பாதி லைசென்ஸ் வெச்சிருக்கற ஆள் கணக்கு. இதுல ஒரு விஷயம் கவனிங்க, பென்சில்வேனியால ஒரே ஜெனரல் லைசென்ஸ்ல ஸ்மால் கேமும் கொம்புள்ள மான் ஒண்ணும் அடங்கிடும், மிச்சிகன்லயும் 2014ல இருந்து 11 டாலர் பேஸ் லைசென்ஸ்லயே ஸ்மால் கேம் உண்டு, அது இல்லாம மான் லைசென்ஸே வாங்க முடியாது. மின்னசோட்டால ஸ்மால் கேம் லைசென்ஸ் தனி, மான் லைசென்ஸ் தனி. தனியா காசு கட்டறவன் தனியா கணக்குல தெரிவான். மின்னசோட்டா தன் முயல்காரங்களை மான் சீசன்லயும் வெளிய தள்ளாம வெச்சிருக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம், நிரூபிக்க முடியாது, ஆனா விட மாட்டேன்.

பென்சில்வேனியா ஆளுங்க இதைப் படிச்சா ஒண்ணு பண்ணலாம். கமிஷன் வழக்கமா ஜனவரில அடுத்த வருஷ சீசனுக்கு முதல் ஒப்புதல் கொடுக்கும், ஏப்ரல்லதான் இறுதி முடிவு. நடுவுல இருக்கற நேரத்துல அந்த ரெண்டு வாரத்துல முயலுக்கு மட்டும், ஷாட்கன் ரவையோட, தனியார் நிலத்துல திறந்து பாக்கச் சொல்லி எழுதுங்க. 15 லட்சம் ஏக்கர் ஸ்டேட் கேம் லேண்ட்ஸை மான்காரங்களுக்கே விட்டுடலாம், யாரும் குறை சொல்ல முடியாது.