"ஆராய்ந்து கண்டுபிடித்த டாங்கி வீரர்" என்று படக்கட்டு விற்கிறார்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் டாங்கி வீரர்களின் பழைய படங்களைச் சேகரித்து, அவர்கள் யார், எங்கே போரிட்டார்கள், என்ன ஆனார்கள் என்று தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணைய ஏலங்களில் இப்போது ஒரு புது வகை விற்பனை வந்திருக்கிறது. வெறும் படமாக விற்பதில்லை. பெயர், படைப்பிரிவு, இறந்த இடம் வரைக்கும் எழுதிய "ஆய்வறிக்கை"யோடு கட்டாகக் கட்டி விற்கிறார்கள். அப்படி ஒரு கட்டில் எனக்கு 420 யூரோ போனது.

விற்றவருக்கு நல்ல மதிப்பீடுகள் குவிந்திருந்தன. கட்டில் 9 படங்கள், தட்டச்சு செய்த அறிக்கை. அறிக்கையின்படி எல்லாப் படத்திலும் இருப்பவர் ஒரே ஆள். பாடர்போர்ன் நகரைச் சேர்ந்த 11ஆவது பான்சர் (டாங்கி) ரெஜிமென்ட்டில் டாங்கி ஓட்டுநர். 1943 மார்ச்சில் உக்ரைனின் கார்கிவ் சண்டை, ஜூலையில் ரஷ்யாவின் குர்ஸ்க் சண்டை, 1944 பிப்ரவரியில் உக்ரைனின் செர்காசி அருகே மரணம். படித்தால் நம்பத்தான் தோன்றும். ஏனென்றால் அந்த ரெஜிமென்ட் உண்மையிலேயே அங்கெல்லாம் போரிட்டது. ரெஜிமென்ட்டின் வரலாற்றை அப்படியே எடுத்து ஒரு மனிதரின் தலையில் கட்டியிருக்கிறார் விற்றவர், அவ்வளவுதான்.

முதலில் உறுத்தியது "குர்ஸ்க், ஜூலை 1943" என்று பின்னால் எழுதியிருந்த படம். பான்சர் நான்கு என்ற வகை டாங்கி ஒன்றின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் டாங்கியின் பக்கவாட்டுத் தகடு முழுக்க வரிவரியாக ஒரு பூச்சு தெரிகிறது. அது சிமெரிட். காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்கப் பூசியது. 1943 கோடையின் கடைசியில்தான் தொழிற்சாலைகளில் அதைப் பூச ஆரம்பித்தார்கள், 1944 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். குர்ஸ்க் சண்டை தொடங்கிய நாளில் அந்தப் பூச்சோடு ஒரு டாங்கி கூட இல்லை.

அடுத்து, ஸ்டுடியோவில் எடுத்த படம். கறுப்புச் சட்டை, காலரில் மண்டையோட்டுச் சின்னம், தலையில் பஞ்சு வைத்துத் தைத்த பெரிய கறுப்புத் தொப்பி. முகம் அவ்வளவு தெளிவு, கன்னத்துத் தழும்பு கூடத் தெரிகிறது. பின்னால் "1943" என்று மையில் எழுதியிருக்கிறது. அந்தத் தொப்பி 1930களின் நடுவில் கறுப்பு உடையோடு வந்தது. போர் தொடங்கிச் சீக்கிரமே வழக்கொழிந்தது. 1943இல் டாங்கிப் படையினர் போட்டது முன்விளிம்பு நீண்ட துணித் தொப்பி, அல்லது அதற்கு முந்திய படகு வடிவத் தொப்பி. ஸ்டுடியோவின் முத்திரையோ பாம்பெர்க் நகருடையது. அங்கே இருந்தது 35ஆவது பான்சர் ரெஜிமென்ட். முத்திரையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, விடுப்பில் போன இடத்திலும் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

அப்புறம் காதுகள். முகம் வயதோடு மாறும், மீசை வரும் போகும். காதின் அமைப்பு அவ்வளவாக மாறாது. ஸ்டுடியோ படத்தில் காதின் கீழ்நுனி கன்னத்தோடு ஒட்டியிருக்கிறது. கார்கிவ் படத்தில் தொங்குகிறது. 9 படங்களையும் ஸ்கேன் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குறைந்தது மூன்று பேர் இருக்கிறார்கள்.

இரண்டு படங்கள் புறஊதா டார்ச் வெளிச்சத்தில் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தன. தாளை வெண்மையாகக் காட்டும் ரசாயனம் புகைப்படத் தாள்களில் சேர்ந்தது 1950களில். அப்படியானால் அவை பிற்காலப் பிரதிகள். ஒளிராத படம் எல்லாம் அசல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள், அந்த அளவுக்குத்தான் இந்தச் சோதனை உதவும். படங்களின் பின்னால் உள்ள கையெழுத்தும் ஒரே மையில் ஒரே கை. பழைய ஜெர்மன் எழுத்துமுறையில் u எழுத்தையும் n எழுத்தையும் பிரித்துக் காட்ட, u மேல் ஒரு சிறு வளைவு போடுவார்கள். பள்ளியில் அப்படி எழுதிப் பழகிய தலைமுறைக்குக் கை தானாகப் போட்டுவிடும். இங்கே ஓரிடத்தில் கூட இல்லை.

இதற்கிடையே பெயரையும் பிறந்த தேதியையும் கொடுத்து பெர்லினில் உள்ள ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். 1939 முதல் வீரர்களின் அடையாளத் தகடு, காயம், மரணம் பற்றிய பதிவுகளை வைத்திருந்த அலுவலகம் 2019இல் அந்தக் காப்பகத்தோடு இணைந்துவிட்டது. பதில் வரப் பல மாதம் ஆனது. அந்தப் பெயரில், அந்தத் தேதியில் பிறந்தவர் உண்மையிலேயே இருந்திருக்கிறார். அவருக்கு அடையாளத் தகடு கொடுத்தது ராணுவத்துக்கு ரொட்டி சுடும் ஒரு படைப்பிரிவு. எந்த டாங்கிப் பிரிவிலும் அவர் பெயர் இல்லை. 1945இல் அமெரிக்கர்களிடம் கைதியாகி, உயிரோடு விடுதலையானவர். செர்காசி அருகே அவரைக் கொன்றது விற்பனையாளரின் தட்டச்சுதான்.

இந்த ஏமாற்று வேலையின் சூட்சுமமே இந்தத் தாமதம்தான். ஏலத் தளத்தில் புகார் கொடுக்க சில வாரம்தான் அவகாசம். காப்பகத்தின் பதில் வருவதற்குள் அது எப்போதோ முடிந்துவிடும். விற்பவருக்கு அது நன்றாகத் தெரியும். நான் சிமெரிட் விஷயத்தை எழுதிக் கேட்டபோது, "காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள், அதன் பிறகு பேசலாம்" என்று மரியாதையாகப் பதில் வந்தது. காப்பகப் பதிலை அனுப்பியதும், "அறிக்கை என் தனிப்பட்ட கருத்து, பணம் திரும்பாது" என்று ஒரே வரி. அதோடு என்னைத் தடை செய்துவிட்டார். ஆகவே பார்சல் வந்த கையோடு உடை, டாங்கி, தாள், காது எல்லாவற்றையும் பார்த்து, அவகாசம் இருக்கும்போதே புகாரைப் பதிந்துவிடுங்கள். காப்பகத்துக்காகக் காத்திருக்கச் சொன்னால் கேட்காதீர்கள். ஜெர்மன் போர்க்கல்லறைச் சங்கத்தின் தேடுதளம் இலவசம், வாங்குவதற்கு முன்பே அதில் பெயரைப் போட்டுப் பாருங்கள். பெயர் கிடைக்காவிட்டால் பொய் என்று ஆகாது, கிழக்குப் போர்முனையில் இன்னும் கண்டெடுக்கப்படாதவர்கள் ஏராளம். ஆனால் "கல்லறை இங்கே இருக்கிறது" என்று அறிக்கை சொன்னால் அதை அங்கேயே சரிபார்த்துவிடலாம்.

கறுப்புச் சட்டையையும் மண்டையோட்டையும் காட்டி, நாஜிக் கட்சியின் ஆயுதப்படையான "எஸ்.எஸ்." என்று விலை ஏற்றுபவர்களும் உண்டு. தரைப்படை டாங்கி வீரர் என்றால் கழுகுச் சின்னம் வலது மார்பில், எஸ்.எஸ். என்றால் இடது கையில். அதைப் பார்த்தாலே போதும்.

யாரோ ஒரு சிப்பாய், எண்பது வருடம் ஆகிவிட்டது, பெயர் மாறினால் என்ன என்று என்னிடமே ஒருவர் கேட்டார். நான் இவர்களைப் புகழ்வதற்காகத் தேடவில்லை. யார் எந்தக் கிராமத்தில் எந்த நாளில் இருந்தார் என்பது அந்தக் கிராமத்தில் நடந்ததற்கும் சாட்சி. ஜெர்மன் ராணுவத்தின் குற்றங்களைக் காட்டி 1995இல் தொடங்கிய ஹாம்பர்க் கண்காட்சியில், சில படங்களின் விளக்கம் தவறு என்று 1999இல் வரலாற்றாசிரியர்கள் நிரூபித்தார்கள். சோவியத் ரகசியப் போலீஸ் கொன்றவர்களின் உடல்களும் அவற்றில் இருந்தன. படங்களின் மொத்தத்தில் அது மிகச் சிறு பகுதிதான். ஆனாலும் கண்காட்சியையே நிறுத்தித் திருத்த வேண்டி வந்தது. உண்மையான குற்றங்களை மறுப்பவர்களுக்கு அது எவ்வளவு வசதியாகப் போனது!

இன்னொன்று. இந்தக் கட்டு உருவானதே முழு ஆல்பங்களைக் கோழி வெட்டுவது போல் துண்டு போட்டதால்தான். டாங்கி இருக்கும் பக்கம் நல்ல விலைக்குப் போகும். அம்மா, தங்கை, கிராமத்துத் தேவாலயம் இருக்கும் பக்கங்கள் குப்பைக்குப் போகும். ஆளை அடையாளம் காட்டுவதே அந்தப் பக்கங்கள்தான்.

பாம்பெர்க் ஸ்டுடியோவின் அதே முத்திரையோடு, இடது கன்னத்தில் தழும்புள்ள அந்த இளைஞரின் வேறு படம் யாரிடமாவது இருந்தால், பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்து எனக்கு அனுப்புங்கள். ஆல்பத் தாளின் ஒரு ஓரம் இன்னும் என் படத்தின் பின்னால் ஒட்டியிருக்கிறது, கிழிந்த விளிம்பை வைத்துப் பொருத்திப் பார்க்கலாம். விற்றவர் வேறு கணக்கில் இதே பாணி அறிக்கைகளோடு மறுபடியும் விற்றுக்கொண்டிருக்கிறார். 11ஆவது ரெஜிமென்ட், ஓட்டுநர், செர்காசி என்று எழுதிய கட்டு கண்ணில் பட்டால் வாங்காதீர்கள்.