10 லிட்டர் வாளி, 48 விநாடி: என் மீன்தொட்டி வடிகட்டியின் நான்கு ஆண்டுக் கணக்கு

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் இரண்டு வாரம் அலைந்து வாங்கிய கேனிஸ்டர் வடிகட்டி (தொட்டிக்கு வெளியே வைத்து, குழாய்களால் இணைக்கும் மூடிய பெட்டி), நான்கு ஆண்டுகளாக என் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. தொட்டி 4 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. மணலும் கல்லும் போக 220 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

பெட்டியின் மேல் மணிக்கு 1,200 லிட்டர் என்று அச்சிட்டிருந்தார்கள். பஞ்சு, பீங்கான் வளையங்கள் எல்லாவற்றையும் அடுக்கிய பிறகு நான் அளந்தபோது 10 லிட்டர் வாளி நிறைய 48 விநாடி ஆனது. அதாவது மணிக்கு 750 லிட்டர். அதுவே போதும், தொட்டித் தண்ணீர் மணிக்கு மூன்று முறைக்கு மேல் சுற்றிவிடுகிறது.

இந்த வகை வடிகட்டியில் அழுத்தமானி கிடையாது. தண்ணீர் வரும் வேகம்தான் உள்ளே இருக்கும் அடைப்பைச் சொல்லும். அளக்கும்போது வாளியை முக்காலி மேல் வைத்து, குழாய் முனையைத் தொட்டி விளிம்பின் உயரத்திலேயே பிடிக்க வேண்டும். தரைக்கு இறக்கினால், தண்ணீர் தானாகவே கீழே வழியும் சைஃபன் இழுப்பும் சேர்ந்து, அடைத்துக் கிடக்கும் வடிகட்டிகூட நன்றாக ஓடுவதாகக் காட்டிவிடும்.

முதல் ஆண்டில் நான் ஓட்டத்தை மறுபடி அளக்கவே இல்லை. எட்டாம் மாதம் ஓட்டம் மெலிந்ததும் வடிகட்டியைத் திறந்து, பஞ்சையும் வளையங்களையும் குழாயடியில் பளிச்சென்று கழுவினேன். மூன்றாம் நாள் காலை ஏஞ்சல் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு இறந்துவிட்டன. தண்ணீரோ கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. அவசரமாகச் சோதனைத் திரவம் வாங்கிவந்து பார்த்தேன்; மஞ்சளாக இருக்க வேண்டிய குப்பி கரும்பச்சையாகியது. அமோனியா. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்தப் பஞ்சிலும் வளையங்களிலும்தான் குடியிருந்தன. குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றை அழித்துவிட்டது. குளோரின் நீக்கிய தண்ணீரை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவந்தேன்; பாக்டீரியாக்கள் மீண்டும் பெருக நான்கு வாரம் ஆனது. இப்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை அலசுகிறேன். வளையங்களைத் தொடுவதே இல்லை.

அதுவரை நான் நம்பியிருந்தது பேனா போன்ற டி.டி.எஸ். கருவியை. எங்கள் தண்ணீரில் அது லிட்டருக்கு 900 மில்லிகிராம் என்று காட்டும். கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவு அது. மீனைக் கொல்லும் ஒன்றிரண்டு மில்லிகிராம் அமோனியா அந்த 900-க்குள் தெரியவே தெரியாது. மேலும் எங்கள் தண்ணீரின் பி.எச். (அமில, காரத்தன்மையின் அளவு) 8. பி.எச். 7-ஐ விட இங்கே அமோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம். வெயில் காலத்தில் இன்னும் கூடும். ஆகவே திரவச் சோதனைக்குச் செலவிடத் தயங்காதீர்கள். நைட்ரேட் சோதனையின் இரண்டாம் புட்டியை அரை நிமிடம் நன்றாகக் குலுக்கிய பிறகே விட வேண்டும். குலுக்காமல் விட்டு, பல மாதம் பொய்யான குறைந்த அளவைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன்.

மின்வெட்டு தனிக் கவலை. மூடிய பெட்டிக்குள் ஓட்டம் நின்றால் பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜன் கிடைக்காது. சில மணி நேரம் நின்றிருந்தால், உள்ளே தேங்கிய தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் வாளியில் கொட்டிய பிறகே இயக்குகிறேன்.

ஞாயிறுதோறும் வாளி, மாதம் இருமுறை சோதனை. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுகிறேன். கழுவி எட்டு, ஒன்பது வாரத்தில் 48 விநாடி 60 ஆகிவிடுகிறது. சில முறை பஞ்சை அலசியும் வேகம் திரும்பாது. அப்போது தண்ணீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லரிலும் குழாயின் உட்புறத்திலும் வழவழப்பான படலம் ஒட்டியிருக்கும். வளையும் கம்பியில் பொருத்திய நீண்ட தூரிகையால் தேய்த்தால் போய்விடும். நேற்று 57 விநாடி. தூரிகையை எடுத்து வைத்துவிட்டேன்.