காணி உறுதி உங்கள் பெயரில். ரோட்டும் தண்ணீர்த் தாங்கியும் யார் பெயரில்?

நுவரெலியாப் பக்கம் கேட் போட்ட வீட்டுத் திட்டம் என்று விளம்பரம் பார்த்து முற்பணம் கட்ட நினைக்கிறவர்கள், கட்டுவதற்கு முன்னால் இதைக் கடைசிவரை வாசியுங்கள். எங்கள் 24 குடும்பங்களுக்கு இதை முன்கூட்டிச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

கம்பனியின் பெயரை எழுதவில்லை, விஷயம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் தெரிந்தால் அந்த ஒரு கம்பனியைத்தான் தவிர்ப்பீர்கள். அவர்கள் செய்ததைத் தெரிந்துகொண்டால் யாரிடமும் ஏமாற மாட்டீர்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயக் காம்பிராவில். கூரைத் தகரம் ஒழுகினால் அப்பா துரை ஆபீசுக்குப் போய் வெளியில் நிற்பார். இன்றைக்கு வா, நாளைக்கு வா என்பார்கள். மழைக்காலம் முடிந்த பிறகு தகரம் வரும். "இது நம்ம வீடு இல்ல புள்ள, அதனாலதான் கேக்க வேண்டியிருக்கு" என்பார். அவர் சாகும்வரை சொந்த உறுதி என்று ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்ததில்லை. அதனால்தான் 2021 இல் என் பணிக்கொடைப் பணம், மகன் கத்தாரிலிருந்து அனுப்பியது, வங்கிக் கடன் எல்லாவற்றையும் சேர்த்து இந்த 12 பேர்ச்சஸையும் வீட்டையும் வாங்கினேன். நொத்தாரிசு கையில் உறுதியைத் தந்த அன்று அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றினேன்.

திட்டத்தில் 38 காணித் துண்டுகள். விற்றவை 24. நாங்கள் தமிழ், சிங்களம், முஸ்லிம் எல்லாரும் கலந்து இருக்கிறோம். ஒருவர் வீட்டுச் சாவு மற்றவர் வீட்டுச் சாவுதான், அந்த விஷயத்தில் குறையே இல்லை. உள் ரோட்டு, வடிகான், தெருவிளக்கு, ஊற்றுத் தண்ணீர்த் தாங்கி, பம்ப், சரிவைத் தாங்கும் மதில், செக்கியூரிட்டி எல்லாம் 'வதிவாளர் சங்கம்' பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அதற்கு வீட்டுக்கு மாதம் 6,500 ரூபா. சங்கம் என்றால் நாங்கள்தான் என்று நினைத்துக் கட்டினோம்.

கணக்குக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தெருவிளக்கு நாலு மாதம் எரியவில்லை, வடிகான் ஒரு வருஷமாகத் துப்புரவு செய்யவில்லை. 2022 இல் நாட்டில் எதுவுமே கிடைக்காத நேரம், அப்போது பொறுத்துக்கொண்டோம். 2023 இலும் அதே பதில் வந்தது. வரவு செலவைக் காட்டச் சொல்லிக் கடிதம் கொடுத்தோம். "பொதுக்கூட்டத்துக்கு வந்து கேளுங்கள்" என்றார்கள். கூட்டம் 2024 ஓகஸ்டில், ஒரு புதன்கிழமை காலை 10 மணிக்குக் கொழும்பில். வீடுகள் இருப்பது மலையில், கூட்டம் கொழும்பில்.

ஏழு பேர் நானுஓயாவில் இரவு மெயில் ரயில் பிடித்துப் போனோம். கோட்டை ஸ்டேஷனில் முகம் கழுவி, பிளேன்டீ குடித்து, சாப்பிடாமலே போய் உட்கார்ந்தோம். கூட்டம் இருபது நிமிஷம். கணக்கு நிறைவேற்றப்பட்டது என்றார் தலைமை தாங்கியவர். நான் எழும்பி, "நாங்கள் ஏழு பேர் எதிர்க்கிறோம், எப்படி நிறைவேறும்?" என்று கேட்டேன். அவர் ஒரு கோப்பைத் திறந்து ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். கம்பனி நியமிக்கும் ஆள் எனக்குப் பதிலாளாக வாக்களிக்கலாம் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. கீழே நீல மையில் என் கையெழுத்து. உறுதி எழுதிய அன்று நொத்தாரிசு அறையில் "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று விரல் வைத்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிய கட்டுத் தாள்களில் ஒன்று.

"உங்க வாக்க நீங்களே குடுத்துட்டீங்களே டீச்சர்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. 31 வருஷம் பிள்ளைகளுக்கு "வாசிக்காமல் கையெழுத்து வைக்காதே" என்று படிப்பித்தவள் நான்.

திரும்பி வந்து ஒரு சட்டத்தரணியைப் பிடித்தோம். அவர் சங்கத்தின் யாப்பை, அதாவது அதன் விதிக்கோவையை, தமிழில் எங்களுக்கு விளக்கியபோதுதான் முழுப் படமும் தெரிந்தது. 'சங்கம்' என்று நாங்கள் நம்பியது 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியப்பட்ட ஒன்று. அதன் பணிப்பாளர்கள் மூன்று பேரும் கட்டிய கம்பனியின் ஊழியர்கள். கடைசித் துண்டு விற்கும்வரை அவர்கள்தான் இருப்பார்கள் என்று யாப்பு சொல்கிறது. விற்ற துண்டுக்கு ஒரு வாக்கு, விற்காத துண்டுக்கு மூன்று வாக்கு. கூட்டிப் பாருங்கள்: எங்கள் 24 க்கு 24, அவர்களுடைய 14 க்கு 42. மூன்று மடங்கு வாக்கு உள்ள அந்த 14 துண்டுக்கும் பராமரிப்புக் கட்டணம் ஒரு சதம்கூடக் கிடையாது, அதுவும் எழுதியிருக்கிறது. கடைசி இரண்டு மூன்று துண்டுகளை விற்காமலே வைத்திருந்தால் நாற்காலியும் அவர்களிடமே இருக்கும். என் அக்கா மகன் ஒரு துண்டு கேட்டுப் போனான். "புக் ஆகிவிட்டது தம்பி" என்று அனுப்பினார்கள். அந்தத் துண்டில் இன்றைக்கும் புல்தான் நிற்கிறது.

இது மாடிவீட்டுத் தொடராக, கூட்டாதனமாக (கொண்டோமினியம்) பதிந்த திட்டமாக இருந்திருந்தால் வழி வேறு. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும் அதற்கு இருக்கின்றன. வீட்டுச் சொந்தக்காரர்களைக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் சட்டப்படி உருவாகும், முறையிட கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை இருக்கிறது. எங்களுடையது அப்படிப் பதியப்படவில்லை. தனித்தனிக் காணித் துண்டு, தனித்தனி உறுதி. "உங்களுக்கு அந்த வாசல் இல்லை, யாப்புத்தான் உங்கள் சட்டம்" என்றார் சட்டத்தரணி. வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

அடுத்தது ரோட்டு. எங்கள் உறுதியின் அட்டவணையில் ரோட்டுத் துண்டு மேல் 'வழி உரிமை' மட்டும்தான். காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்துப் பார்த்தால் ரோட்டும், தண்ணீர்த் தாங்கி நிற்கும் துண்டும் இன்னும் கட்டிய கம்பனியின் பெயரில். பிரதேச சபைக்கும் கையளிக்கவில்லை, சங்கத்துக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. என் வீட்டுக்குள் போக நான் நடக்கிற ரோட்டு என்னுடையதும் இல்லை, ஊருடையதும் இல்லை.

இந்த நேரத்தில் இன்னொரு செய்தி வந்தது. பிள்ளைகள் விளையாடுகிற திறந்த இடத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு வில்லா கட்டப் போகிறார்களாம். அதற்காக 2025 பொதுக்கூட்டத்தில் அந்த இடத்தைப் 'பொதுச் சொத்து'ப் பட்டியலிலிருந்து நீக்க யாப்பைத் திருத்தப் போவதாக அறிவித்தல் வந்தது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபையிடம் அங்கீகரித்த பிளானைக் கேட்டு விண்ணப்பித்தோம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிரதி கைக்கு வந்தது. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடினால் ரோட்டு நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும் என்று திட்டமிடல் ஒழுங்குவிதி இருக்கிறது. எங்கள் விளையாட்டிடம் அந்த ஒதுக்கீடுதான், பிளானில் தெளிவாகக் கோடிட்டிருந்தது. விற்பனைக் கையேட்டில் அதே இடம் வெறும் பச்சை நிறம், ஒரு சொல்லும் இல்லை.

யாப்பைத் திருத்த விசேட தீர்மானம் வேண்டும், அதற்குக் கூட்டத்தில் போடப்படும் வாக்குகளில் 75 வீதம் வேண்டும். எல்லா வாக்கும் போடப்பட்டால் மொத்தம் 66, அதில் 50 தேவை. அவர்களிடம் 42. எங்கள் பதிலாள் தாள்கள் அவர்கள் கையில் இருந்தால் 66 உம் அவர்களுடையது. அதனால் வீடு வீடாகப் போய், பதிலாள் அதிகாரத்தை ரத்துச் செய்யும் கடிதம் வாங்கினோம். கட்டாயம் 17 வேண்டும், 19 கிடைத்தது. மற்ற ஐந்து வீட்டாரும் வெளிநாட்டில். அந்த 19 கடிதத்தையும் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டுகளை ஒரு கொப்பியில் ஒட்டி வைத்தோம். மறுபடியும் இரவு மெயில், மறுபடியும் கொழும்பு. எண்ணியபோது அவர்களுக்கு 47, எதிராக 19. தீர்மானம் விழுந்தது. ரயிலில் திரும்பி வரும்போது கீழ்வீட்டு அக்கா ஹட்டன் வரை என் கையை விடவேயில்லை.

ஆனால் தடுக்க முடிந்ததே தவிர, ஒன்றைச் செய்விக்க முடியவில்லை. அதைத்தான் மதிலில் கண்டோம்.

ரோட்டின் மேற்பக்கம் சரிவைத் தாங்கும் கருங்கல் மதில். தண்ணீர் வடிய அதில் குழாய்த் துளைகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் மண் அடைத்து, பாசி பிடித்துக் கிடந்தன. மழை பெய்தால் துளையில் வராத தண்ணீர் கல் இடுக்கில் கசியும். நடுவில் வயிறு தள்ளியதுபோல் ஓர் இடம், அதன் பக்கத்தில் வெடிப்பு. 2025 மே மாதம் அந்த வெடிப்புக்குள் என் சுண்டுவிரல் நுனிதான் நுழைந்தது. செப்டெம்பரில் கட்டைவிரலே நுழைந்தது. வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் திகதி போட்டு, படம் எடுத்து, மூன்று தடவை கடிதம் எழுதினோம். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவில் என்ன நடந்தது என்று தெரிந்த நாங்கள் மண்ணோடு விளையாடுவோமா? மதிலைக் கட்டியது கம்பனி. பிழை என்றால் கம்பனியிடம் நட்டம் கேட்க வேண்டியது சங்கம். சங்கத்தின் பணிப்பாளர்கள் கம்பனியின் ஊழியர்கள். அவர்கள் தங்கள் முதலாளிக்கு எதிராக ஒரு வரி எழுதுவார்களா? "கவனத்திற் கொள்ளப்பட்டது" என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். அந்த மழையை மலையகத்தில் யாருக்கும் நான் விபரிக்கத் தேவையில்லை. விடியற்காலை வயிறு தள்ளிய இடம் அப்படியே கழன்று, மண்ணும் கல்லுமாய்க் கீழ்வீட்டு அக்காவின் குசினிக்குள் இறங்கியது. பம்ப் அறைச் சுவருக்கு மேலே சேறு. முதல் நாள் இரவே எல்லாரையும் வற்புறுத்திப் பாடசாலை மண்டபத்துக்குக் கூட்டிப் போயிருந்தோம், அதனால் உயிர் தப்பியது. எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து பார்த்தபோது அக்காவின் அம்மிக்கல் மட்டும் சேற்றுக்கு மேல் தெரிந்தது.

ஜனவரியில் சங்கத்திடமிருந்து கடிதம். மதில் திருத்த விசேட அறவீடு, வீட்டுக்கு 85,000 ரூபா. அக்காவுக்கும் 85,000. விற்காத துண்டுகளுக்கு ஒன்றுமில்லை.

நாங்கள் கட்டவில்லை. மாதக் கட்டணத்தை மட்டும் ஒழுங்காகக் கட்டுகிறோம். அதையும் நிறுத்தினால் தவறு எங்கள் பக்கம் ஆகிவிடும் என்று சட்டத்தரணி சொன்னார். அதே நிலையில் இருக்கிறவர்கள் ஆத்திரத்தில் அதை நிறுத்திவிடாதீர்கள். பென்சில் திகதி தெரியும் படங்கள், கடிதப் பிரதிகள், பற்றுச்சீட்டுக் கொப்பி எல்லாம் அவரிடம் இருக்கின்றன.

இன்னும் வாங்காதவர்களுக்கு: முற்பணத்துக்கு முன் சங்கத்தின் யாப்பைக் கேளுங்கள். தரத் தயங்கினால் கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் கட்டிப் பிரதி எடுக்கலாம். விற்காத துண்டுக்கு எத்தனை வாக்கு, அதற்குப் பராமரிப்புக் கட்டணம் உண்டா, பணிப்பாளர்கள் எந்தத் திகதியில் விலகுவார்கள் என்று பாருங்கள். 'கடைசித் துண்டு விற்றதும்' என்பது திகதி இல்லை. ரோட்டுத் துண்டு, தண்ணீர்த் துண்டு யார் பெயரில் என்று காணிப் பதிவகத்தில் தேடுங்கள். சரிவுக் காணி என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையை வாங்கி, அதில் வடிகானுக்கும் மதிலுக்கும் போட்ட நிபந்தனைகளைப் போய் நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள். உறுதியோடு சேர்த்து நீட்டும் தாள்களில் 'பதிலாள்' என்ற சொல் எந்த மொழியில் இருந்தாலும் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள். அன்றைக்கே கையெழுத்து வைக்கச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

அடுத்த பொதுக்கூட்டத்தை எங்கள் திட்டத்துக்குள்ளேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைக்கும்படி 19 வீட்டாரும் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. மதிலின் நின்ற பகுதியில் புதிதாக ஒரு வெடிப்பு. போன சனிக்கிழமை கீழ்வீட்டு அக்காவின் மகன் அதன் முனையில் பென்சிலால் திகதி போட்டிருக்கிறான்.