வேர்டில் கணக்குக் கேள்வித்தாள்: மவுஸைத் தொடாமல் அடிக்கலாம்

திருவல்லிக்கேணியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில் கம்ப்யூட்டர் போட்டு ஜாப் டைப்பிங் செய்கிறேன். டியூஷன் சென்டர்காரர்கள் கொண்டுவரும் கணக்குக் கேள்வித்தாள்தான் பாதி வேலை, அதிலும் தமிழ் மீடியம் அதிகம். மைக்ரோசாஃப்ட் வேர்டின் சமன்பாட்டு வசதிக்கு என் மார்க் 5-க்கு 4.

நிறையப் பேர் இன்ஸெர்ட், சிம்பல் என்று போய், குட்டிக் குட்டிக் கட்டங்களுக்குள் ≤ எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள். அப்படித் தேடினால் ஒரு தாள் முடிய ராத்திரி ஆகிவிடும். ஆல்ட்டை அழுத்திக்கொண்டு = தட்டுங்கள், ஒரு பெட்டி வரும். அதில் 3/4 அடித்து ஸ்பேஸ் தட்டினால் 3 மேலே, 4 கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். அடுக்குக்கு 6-இன் தலையில் இருக்கும் ^ குறி. வர்க்கமூலத்துக்கு பேக்ஸ்லாஷ் போட்டு எஸ், க்யூ, ஆர், டி. மூலத்துக்குள் போக வேண்டியதையெல்லாம் அடைப்புக்குறிக்குள் வைத்தால், ஸ்பேஸ் தட்டியதும் அடைப்பு மறைந்து √ முழுசாகக் கூரை போட்டுவிடும். + அடித்து உடனே - அடித்தால் ± ஆகிவிடும். இருபடிச் சூத்திரத்தையே கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் அடிக்கலாம்.

பத்தாம் வகுப்பு அணிகள் பாடத்துக்கும் வழி இருக்கிறது. பேக்ஸ்லாஷ் போட்டு மேட்ரிக்ஸ் என்று ஆங்கிலத்தில் அடித்து, அடைப்புக்குள் 1&2@3&4. & போட்டால் அடுத்த நிரல், @ போட்டால் அடுத்த நிரை. இதைக் கற்றுக்கொண்ட பிறகு மெனுவில் அணியைத் தேடியதே இல்லை.

தமிழ் மீடியம் தாளில்தான் பாடு. கீபோர்டு தமிழ்99 என்ற தமிழ் எழுத்து அமைப்பில் இருக்கும்போது பெட்டியைத் திறந்து எக்ஸ் அடித்தால் ஓ வந்து நிற்கும், பின்னத்துக்குச் சாய்கோடு தட்டினால் ழ வரும். விண்டோஸ் பட்டனுடன் ஸ்பேஸ் தட்டி ஆங்கிலத்துக்கு மாறி, சமன்பாடு முடிந்ததும் ‘எனில்’ அடிக்க மறுபடி தமிழுக்கு வர வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் இதே கதை. ஒரு மார்க் குறைந்தது இந்த அலைச்சலால்தான், வேர்டு மேல் பழி போட முடியாவிட்டாலும்.

வடிவியலில் ஒற்றைக் குறி மட்டும் வேண்டுமென்றால் பெட்டியே தேவையில்லை. 2220 அடித்து ஆல்ட்டுடன் எக்ஸ் தட்டினால் ∠ வரும். 2234 என்றால் ∴, 2260 என்றால் ≠, 2264 என்றால் ≤. முன்னால் வேறு எண் ஒட்டிக்கொண்டிருந்தால் இந்த நாலு இலக்கத்தை மட்டும் செலக்ட் செய்துவிட்டுத் தட்டுங்கள்.

இன்னொரு குறை, வாக்கியத்தின் நடுவில் வரும் பின்னம் சுருங்கிப் போகும். ஜெராக்ஸில் 3-ம் 8-ம் ஒன்று போலத் தெரியும். அந்தச் சமன்பாட்டைத் தனி வரியில் வைத்தால் பெரிதாகும், தாள் ஒரு பக்கம் நீளும். நான் நீளட்டும் என்று விட்டுவிடுவேன்.

பழைய ஃபைல் கொண்டுவருபவர்களுக்கு ஒரு சேதி: அந்தக் காலத்து ஈக்வேஷன் எடிட்டர் 3.0-ஐப் பாதுகாப்புக் காரணத்தால் 2018 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். அதில் அடித்தது கண்ணுக்குத் தெரியும், அதே எடிட்டரில் திறந்து திருத்த முடியாது.

காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு லிப்ரேஆஃபீஸ் இருக்கிறது. அதில் பின்னத்துக்கு நடுவில் ‘ஓவர்’ என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நன்றாகவே வருகிறது, எனக்குக் கை பழகவில்லை. ஆல்ட்டும் = குறியும் வேர்டு 2007-இலேயே வேலை செய்யும், அதனால் இதற்காகப் புதுப் பதிப்பு வாங்க வேண்டாம். எதில் அடித்தாலும் சரி, அச்சுக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் வரிகள் இடம் மாறலாம்.