அடமானம் என்றார்கள், எழுதி வாங்கியது கிரய ஒப்பந்தம்

வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்துத் தனியாரிடம் கடன் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அப்பாவின் சிகிச்சைக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டது. தெரிந்தவர் ஒருவர் ஃபைனான்ஸ்காரரிடம் கூட்டிப்போனார். மாதம் நூற்றுக்கு 3 வட்டி. கேட்கச் சின்னதாகத்தான் இருந்தது. தவறினால் வட்டியும் அசலில் சேரும். அப்படியே ஒரு வருடம் ஓடினால் நூறு 142-ஐத் தாண்டிவிடும். இந்தக் கணக்கை மாட்டிக்கொண்ட பிறகுதான் போட்டேன்.

வட்டியை விடுங்கள், பத்திரம்தான் பெரிய குழி. "அடமானம்தான் சார்" என்று கையெழுத்து வாங்கியது கிரய ஒப்பந்தத்தில். அடமானமென்றால் கடனை அடைத்துச் சொத்தை மீட்கலாம். இதிலோ, வீட்டை விற்க நானே சம்மதித்து முழுத்தொகையும் வாங்கிக்கொண்டதாக இருக்கிறது. தலைப்பைக்கூட நான் படிக்கவில்லை. நகலும் தரவில்லை.

இரண்டு தவணை தவறியது. பேசித் தீர்க்கலாமென்று தம்பியைக் கூப்பிட்டார்கள். காலையில் போனவன் மதியம்வரை போனை எடுக்கவில்லை. மூன்று மணிக்கு அவன் எண்ணிலிருந்தே வேறொரு குரல்: "வந்து கிரயம் பண்ணிக் குடுத்துட்டு உங்க தம்பியைக் கூட்டிட்டுப் போங்க சார்." அந்த 'சார்' இன்னும் காதில் நிற்கிறது.

காவல் நிலையத்துக்கு ஓடினேன். அங்கே கடன் கதையிலிருந்து ஆரம்பித்தது என் தப்பு. "கொடுக்கல் வாங்கலா? கோர்ட்டுக்குப் போங்க" என்று முடித்துவிட்டார்கள். வக்கீலுக்குப் போன் செய்தால் அவர் திட்டுகிறார்: "ஆளை அடைச்சு வெச்சிருக்காங்கன்னு முதல் வரியில எழுதுங்க. கடன் அப்புறம்." பாக்கி எவ்வளவு இருந்தாலும் ஆளைப் பிடித்துவைப்பது தனிக் குற்றமாம். அப்படியே எழுதிக் கொடுத்தேன், உடனே கிளம்பினார்கள்.

"அவர் அப்பவே போயிட்டாரே" என்றார்கள் ஃபைனான்ஸ்காரரின் அலுவலகத்தில். வாசலில் தம்பியின் செருப்பு. இடது வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது, எனக்குத் தெரியாதா? உள்ளறையைத் திறக்க வைத்தோம். இருந்தான். அடிக்கவில்லை, ஆனால் இரண்டு வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அன்றே புகாரில் அதையும் சேர்க்கச் சொன்னார் வக்கீல். மிரட்டி வாங்கிய கையெழுத்தென்று பிறகு சொன்னால் எடுபடுவது கஷ்டமாம்.

பயந்துபோய் அன்றைக்கே கிரயம் செய்து கொடுத்திருந்தால், வீடு அடுத்தவர் பெயருக்கு மாறிய பிறகு வருடக்கணக்கில் அலைந்திருப்போம். ஒப்பந்தத்தை ரத்து செய்ய வழக்குப் போட்டிருக்கிறோம். நகல் கேட்டு நோட்டீஸ் போயிருக்கிறது. இன்னும் வரவில்லை.