ஐந்து சர்வர், சீசன் ஆட்கள்: ஷேடோ ஃபைலே போதுமா, ஃப்ரீஐபிஏ வேண்டுமா?

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 5 லினக்ஸ் பெட்டிகள். வருடம் முழுக்க இருப்பவர்கள் 15 பேர்தான். பெங்களூரா காய் வரத்து சூடுபிடித்துவிட்டால் எடைமேடை, லேப், ஸ்டோர், டிஸ்பாட்ச் என்று இன்னும் 25 பேருக்கு அக்கவுண்ட் திறக்க வேண்டும். ஆகஸ்டில் அத்தனையையும் மூட வேண்டும்.

ஒரு சீசன் முழுக்க ஃப்ரீஐபிஏ என்ற மென்பொருளை ஒரு சர்வரில் வைத்து எல்லா அக்கவுண்டையும் ஒரே இடத்தில் நடத்திப் பார்த்தேன். இப்போது திரும்பவும் ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியாக இருக்கும் பழைய பாஸ்வேர்டு ஃபைல், ஷேடோ ஃபைல் வழிதான், கூடவே எல்லாப் பெட்டியிலும் ஒரே மாற்றத்தைச் செய்துவிடும் ஆன்சிபிள் என்ற கருவி.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாஸ்வேர்டு ஃபைல் என்று பெயரே தவிர, அதில் பாஸ்வேர்டு இருந்த இடத்தில் ஓர் எக்ஸ் மட்டும்தான் இருக்கிறது. ஹாஷ், அதாவது பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமித்த வடிவம், எல்லாம் ரூட் (நிர்வாகி அக்கவுண்ட்) மட்டும் பார்க்கும் ஷேடோவில். அக்கவுண்ட் திறப்பதில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் மூடும்போதுதான் தெரியும்.

முதலில் நான் சூடு பட்டது அக்கவுண்டை மாற்றும் யூசர்மாட் கட்டளையின் லாக் ஆப்ஷனில். அது செய்வதெல்லாம் ஷேடோவில் ஹாஷுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போடுவதுதான். பாஸ்வேர்டு வேலை செய்யாது, சரி. ஆனால் எஸ்எஸ்எச் கீ (பாஸ்வேர்டு இல்லாமலே தொலைவிலிருந்து சர்வருக்குள் விடும் சாவி ஃபைல்) வைத்திருப்பவர் எப்போதும் போல உள்ளே வரலாம். வேலையை விட்டுப் போய் மூன்று வாரம் ஆன ஒருவரின் பெயர் லாகின் பதிவில் இருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு இது புரிந்தது. பாவம், அவர் ஏதோ பழைய ரிப்போர்ட் எடுக்கத்தான் வந்திருக்கிறார். விண்டோஸ் கணினிகளோடு ஃபைல் பகிரும் சாம்பா ஷேரும் இதே கதை. அதற்குத் தனி பாஸ்வேர்டு கிடங்கு. ஷேடோவில் போட்ட ஆச்சரியக்குறி அதற்குத் தெரியாது.

சரி, பேசாமல் அழித்துவிடலாம் என்று அடுத்த வருடம் அக்கவுண்டை நீக்கும் யூசர்டெல் கட்டளையைப் போட்டேன். மே மாதம் லேபுக்குப் புதிதாக வந்த பெண் கூப்பிட்டார். "அண்ணா, போன வருஷ ரேட் ஷீட் எல்லாம் என் பேர்ல இருக்கு. நான் போடவே இல்லையே?" பார்த்தால் உண்மைதான். ஃபைலின் மேல் லினக்ஸ் எழுதி வைப்பது ஆளின் பெயரை அல்ல, அவர் அக்கவுண்டின் எண்ணை. கடைசியாகச் சேர்ந்தவரின் எண் 1014. அவரை அழித்ததும், இருப்பதில் பெரிய எண் 1013 ஆகிவிட்டது. அக்கவுண்ட் திறக்கும் யூசர்ஆட் கட்டளை அடுத்து வந்தவருக்கு அதே 1014ஐத் தூக்கிக் கொடுத்துவிட்டது. பழைய ஆளின் ஃபைல் முழுக்கப் புதியவருக்குச் சீதனம்.

இந்த இரண்டு இடத்திலும் ஃப்ரீஐபிஏ நல்ல பிள்ளை, அதை மறைக்க மாட்டேன். ஓர் இடத்தில் முடக்கினால், அதில் சேர்த்த பெட்டிகள் எல்லாவற்றிலும் கீயோடு சேர்ந்து கதவு மூடும். எண்ணையும் அதுவே ஏறுவரிசையில் கொடுத்துக்கொண்டு போகும். ஆட்கள் பாஸ்வேர்டை ஒருமுறை மாற்றினால் போதும், ஐந்து பெட்டியில் ஐந்து முறை மாற்ற வேண்டியதில்லை.

அப்புறம் ஏன் விட்டேன்? அதையே ஒரு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் படுத்த ஒரு காலையில் ஃப்ரீஐபிஏ ஓடும் டைரக்டரி சர்வர் எழவில்லை. ஏற்கெனவே அந்தப் பெட்டியில் லாகின் செய்திருந்தவர்கள் கேஷ் (பெட்டியே வைத்திருக்கும் பழைய லாகின் நகல்) புண்ணியத்தில் உள்ளே போனார்கள். அன்று புதிதாக எடைமேடைக்கு வந்தவரால் முடியவில்லை. வெளியே லாரிகள் வரிசை. இன்னொன்று, அதன் சான்றிதழ்கள், அதாவது சர்வர் தன்னை நிரூபிக்கக் காட்டும், காலாவதியாகும் டிஜிட்டல் அத்தாட்சிகள். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் பெட்டி ஓடிக்கொண்டிருந்தால்தான். நாங்கள் சீசன் முடிந்தால் பாதியை அணைத்து வைப்பவர்கள். இரண்டாவது டைரக்டரி சர்வர் ஒன்றை ஜோடியாக வைத்திருந்தால் என் புலம்பலில் பாதி இருந்திருக்காது. நான் ஓட்டியது ஒரே சீசன், ஒரே சர்வர். 50 பெட்டி வைத்திருப்பவர் என் பேச்சைக் கேட்டு ஃபைலுக்குத் திரும்ப வேண்டாம்.

இப்போது ஆன்சிபிளில் ஒரே பட்டியல். ஒவ்வொருவருக்கும் பெயர், நானே கொடுத்த எண், கடைசி நாள். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் ஆள் போய்விடுவார் என்று நினைக்காதீர்கள். ஆன்சிபிள் அவரைத் தொடவே தொடாது. 'இல்லை' என்று நிலையை மாற்றி வரியை அப்படியே விட்டுவைக்க வேண்டும். எனக்கு அதுவே வசதி, பழைய எண் யாருக்கும் திரும்பப் போகாமல் அந்த வரி காவல் காக்கிறது. அக்கவுண்ட் திறக்கும்போது மட்டும் பாஸ்வேர்டை வைக்கச் சொல்லும் அமைப்பையும் மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆட்கள் மாற்றியதைப் பழையதாக்கிவிடும்.

என்னை ஃபைல் பக்கம் இழுத்தது அந்தக் கடைசி நாள்தான். 2025 ஆகஸ்ட் 31 என்று கொடுத்தால் ஷேடோவின் எட்டாவது கட்டத்தில் 20331 என்று விழும், 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணிய நாட்கள். அதன்பின் கீ இருந்தாலும் எஸ்எஸ்எச் விடாது. நெட்வொர்க் வேண்டாம், இன்னொரு சர்வர் எழ வேண்டாம், நான் ஞாபகம் வைத்திருக்க வேண்டாம். சாம்பாவை மட்டும் இன்னும் கையால் மூடுகிறேன்.

ஒரு சின்னத் தொல்லை: அந்த நாள் கணக்கு ஓடுவது கிரீன்விச் நேரத்தில். நம் கடிகாரத்தில் அந்தத் தேதியின் காலை ஐந்தரைக்கே கதவு மூடிவிடும். கடைசி நாள் ஆறு மணி ஷிப்டுக்கு வந்தவர் வாசலில் நின்றுகொண்டு போன் அடித்தார். அதனால் இப்போதெல்லாம் செப்டம்பர் 1 என்றுதான் போடுகிறேன்.